ஆன்லைன்ல ஃப்ரீலான்சர் வச்சு வேலை வாங்கறீங்களா? ஏமாறாம இருக்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் ஈரோட்டுப் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி ஆன்லைன்ல விக்கிறேன். வெப்சைட், லேபிள் டிசைன், போட்டோ, எழுத்து வேலைன்னு இதுவரைக்கும் இருபது பேருக்கு மேல ஃப்ரீலான்சர் (சம்பள ஆளா இல்லாம தனித்தனி வேலையா எடுத்து செஞ்சு தர்றவங்க) வச்சு வேலை வாங்கியாச்சு, அதுல பாதிப் பேரை நேர்ல பாத்ததே இல்ல. பெரும்பாலானவங்க தங்கமானவங்க. ரெண்டு பேர்கிட்ட நல்லா அடி வாங்கினேன். என்னை மாதிரி சின்னதா தொழில் பண்றவங்க, வீட்ல இருந்தே மசாலா பொடி, துணி, சோப்புன்னு விக்கிறவங்க போன் பண்ணி இதைப் பத்தி கேட்டுட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் இங்க எழுதி வச்சிடறேன்.

ஒருத்தர் நேர்மையானவரா இல்லையான்னு முன்னாடியே எப்படி கண்டுபிடிக்கறது?

கண்டுபிடிக்க முடியாதுங்க. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் இங்கதான் தப்பு பண்றாங்க. ஆளைப் பாத்து எடை போடலாம்னு நினைக்கறோம். நல்லா பேசறாரு, சாமி படம் டிபி வச்சிருக்காரு, நம்ம ஊர்ப் பக்கம்தான், அண்ணா அண்ணான்னு கூப்பிடறாரு. ஏமாத்தணும்னு வர்றவனுக்கு இதெல்லாம்தான் முதலீடே.

அதனால ஆளைப் பத்தி யோசிக்கறதை விட்டுட்டு வேலையோட அமைப்பைப் பத்தி யோசிங்க. எந்த வேலை குடுத்தாலும் நான் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்குவேன்: இந்த நிமிஷம் இவரு போனை ஆஃப் பண்ணிட்டு காணாம போனா என் கையை விட்டு என்னென்ன போகும்? ரெண்டாயிரம் ரூபாயும் நாலு நாளும்தான்னா சரி, தாங்கிக்கலாம். வெப்சைட்டு, மூணு வருஷத்து கஸ்டமர் லிஸ்ட், ஃபேஸ்புக் பேஜு, இருபதாயிரம் ரூபான்னு பதில் வந்தா அவரு எவ்வளவு நல்லவரா இருந்தாலும் அந்த ஏற்பாடு தப்பு. நல்லவருக்கும் விபத்து நடக்கலாம், உடம்பு முடியாம போகலாம் இல்லையா.

நீங்க எப்படி ஏமாந்தீங்க?

ரெண்டுல ஒண்ணை மட்டும் சொல்றேன். 2019-ல ஒருத்தர்கிட்ட 18,000 ரூபாய்க்கு வெப்சைட் செஞ்சேன். வேலை சுத்தமா இருந்துச்சு, குறையே சொல்ல முடியாது. டொமைன் (வெப்சைட்டோட அட்ரஸ்), ஹோஸ்டிங் (சைட்டை வச்சிருக்கிற சர்வர் இடம்) எல்லாம் நானே பாத்துக்கறேன், நீங்க எண்ணெயை மட்டும் பாருங்கன்னாரு, நானும் அப்பாடான்னு விட்டுட்டேன். ரெண்டு வருஷம் ஒரு பிரச்சினையும் இல்ல. 2021 தீபாவளிக்கு மூணு வாரம் இருக்கும்போது சைட்டு நின்னு போச்சு. எங்களுக்கு வருஷத்துலயே ஆர்டர் ஜாஸ்தி வர்ற நேரம் அது. போன் பண்ணா எடுக்கல, அஞ்சாவது நாள் ஒரு மெசேஜ் மட்டும் வந்துச்சு, ரினிவல் சார்ஜ் 35,000 ஆகும்னு. ஒரு டாட் காம் டொமைனை ரினிவல் பண்ண வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு பக்கமாத்தான் வரும். அது எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. டொமைன் அவரு பேர்ல, அவரு ஈமெயில்ல, அவரு அக்கவுண்ட்ல இருந்துச்சு. டொமைனைப் பதிவு பண்ணித் தர்ற ரெஜிஸ்டரார் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன், எங்க ரெக்கார்டுல யார் பேர் இருக்கோ அவங்கதான் ஓனர்னு பதில் வந்துச்சு, அவங்க சொன்னதுல தப்பும் இல்ல.

காசு குடுக்கல. புது பேர்ல புது டொமைன் வாங்கினேன். பழைய அட்ரஸ் போட்டு அடிச்சு வச்சிருந்த 6,000 லேபிளும் வீணாப் போச்சு. அந்த தீபாவளி எங்க வீட்ல எப்படி போச்சுன்னு சொல்லத் தெரியல. இன்னொருத்தருக்கு அப்படி நடக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

எனக்கு டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாது, டொமைன் எல்லாம் அவங்களே வாங்கிக்கட்டுமே?

வேண்டாங்க. ஆன்லைன்ல ஒரு பொருள் வாங்கத் தெரிஞ்ச யாரும் டொமைன் வாங்கலாம், பத்து நிமிஷ வேலை. உங்க ஈமெயில், உங்க போன் நம்பர், உங்க கார்டு. தெரியலைன்னா அவரையே போன்ல வச்சுக்கிட்டு அவரு சொல்லச் சொல்ல நீங்க உங்க போன்ல பண்ணுங்க. இதுக்கு ஒத்துக்காம "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு மேடம்"னு ஒருத்தர் சொன்னா அங்கயே வேற ஆளைப் பாத்துக்கலாம்.

ஏற்கனவே அவங்க பேர்லதான் இருக்குன்னா உறவு நல்லா இருக்கும்போதே மாத்திக்கோங்க. ரெஜிஸ்டரார் சைட்டுல உங்களுக்குன்னு ஒரு அக்கவுண்ட் ஓபன் பண்ணி, அவரை டொமைனை அதுக்கு மாத்திவிடச் சொல்லணும். அதே கம்பெனிக்குள்ளன்னா சுலபமா முடிஞ்சிடும். வேற கம்பெனிக்கு கொண்டு போறதா இருந்தா டொமைனை மாத்த விடாம போட்டிருக்கிற லாக்கை எடுத்துட்டு, மாத்தறதுக்கு ஆத் கோடுன்னு ஒரு ரகசிய கோடு குடுப்பாங்க. புதுசா ரெஜிஸ்டர் பண்ணின டாட் காம் டொமைனை முதல் 60 நாளைக்கு வேற ரெஜிஸ்டராருக்கு மாத்த முடியாது, அதை வச்சு அவரு இழுத்தடிக்கறாருன்னு சண்டைக்குப் போகாதீங்க.

டொமைன் மட்டும் இல்ல. கூகுள் மேப்ஸ்ல இருக்கிற கடைப் பக்கம், ஃபேஸ்புக் பேஜ், இன்ஸ்டா, கூகுள் ஆட்ஸ் அக்கவுண்ட், சைட்ல காசு வாங்கற பேமென்ட் கேட்வே, ஆப் இருந்தா ப்ளே ஸ்டோர் டெவலப்பர் அக்கவுண்ட் எல்லாமே உங்க பேர்ல ஓபன் பண்ணிட்டு அவரை உள்ள சேத்துக்கோங்க. ப்ளே ஸ்டோர் அக்கவுண்டுக்கு ஒரே தடவை 25 டாலர் கட்டணும், அவ்வளவுதான். அதை மிச்சம் பண்றேன்னு ஃப்ரீலான்சரோட அக்கவுண்ட்லயே ஆப்பைப் போட்டா அதோட ரிவ்யூ, டவுன்லோட் கணக்கு எல்லாம் அவரு கையில இருக்கும், அவரு மனசு வச்சாத்தான் உங்களுக்கு மாறும்.

பாஸ்வேர்ட் குடுக்காம எப்படி வேலை செய்வாங்க?

உங்க பாஸ்வேர்டைக் குடுக்காதீங்க, அவங்களுக்குன்னு தனி லாகின் குடுங்க. வேர்ட்பிரஸ்ல அட்மினிஸ்ட்ரேட்டர், எடிட்டர், ஆத்தர்னு படிப்படியா இருக்கும். கட்டுரை எழுதறவருக்கு ஆத்தர் போதும், அவரு அட்மின் கேக்கவே தேவையில்ல. ஃபேஸ்புக் பேஜ்லயும் முழு உரிமை, குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் உரிமைன்னு பிரிச்சு குடுக்கலாம். வேலை முடிஞ்ச அன்னைக்கே எடுத்துடுங்க, நாளைக்கு எடுக்கலாம்னு விட்டதுதான் எல்லா வீட்லயும் அப்படியே கிடக்குது. எடுக்கும்போது யூசர் லிஸ்ட் முழுக்க ஒரு தடவை பாருங்க, உங்களுக்குத் தெரியாத பேர்ல ஒரு அட்மின் இருந்தா அதையும் எடுத்துட்டு பாஸ்வேர்ட் எல்லாம் மாத்திடுங்க.

எனிடெஸ்க் மாதிரி ஆப் போடச் சொல்லி உங்க போனையோ கம்ப்யூட்டரையோ அவரு கையில எடுத்துக்கறேன்னா ஒத்துக்காதீங்க, அதே போன்லதான் உங்க பேங்க் ஆப் இருக்கு. ஓடிபி எவ்வளவு அவசரம்னு சொன்னாலும் சொல்லக் கூடாது.

போர்ட்ஃபோலியோ (அவரு முன்னாடி செஞ்ச வேலைகளோட தொகுப்பு) பிரமாதமா இருக்கு, நம்பலாமா?

பாதி நம்பலாம். அடுத்தவங்க செஞ்சதை எடுத்து தன்னோடதுன்னு காட்டறது ரொம்ப சாதாரணமா நடக்குது. படத்தை கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாருங்க, அதே டிசைன் டிசைனருங்க தங்க வேலையைப் போட்டு வைக்கற பிஹான்ஸ், ட்ரிபிள் மாதிரி சைட்டுல வேற ஒருத்தர் பேர்ல கிடைச்சா கதை முடிஞ்சது.

லென்ஸ்ல சிக்காததும் இருக்கும். அதனால வீடியோ கால்ல ஒரு பத்து நிமிஷம் உக்காந்து, ஒரு லேபிளோட ஒரிஜினல் ஃபைலை, அதாவது கோரல், இல்லஸ்ட்ரேட்டர் மாதிரி டிசைன் சாஃப்ட்வேர்ல செஞ்ச ஃபைலை, ஸ்கிரீன்ல திறந்து காட்டச் சொல்லுங்க, இந்த எழுத்தை ஏன் இவ்வளவு சின்னதா வச்சீங்கன்னு கேளுங்க. செஞ்சவருக்கு சொல்ல ஆயிரம் இருக்கும். கிளையன்ட் முதல்ல இப்படி கேட்டாரு, பிரிண்டர் இந்த கலர் வராதுன்னுட்டாரு, அப்புறம் இப்படி மாத்தினோம்னு கதை கதையா வரும். செய்யாதவரு "அது கிளையன்ட் ரெக்வயர்மென்ட் சார்"னு அதோட நின்னுடுவாரு. இந்த ஒரு விஷயத்துலயே நான் நாலஞ்சு பேரை தவிர்த்திருக்கேன்.

முடிஞ்சா பழைய கிளையன்ட் ரெண்டு பேரோட நம்பர் கேட்டு நீங்களே பேசுங்க. அதுவும் அந்தக் கடையோட வெப்சைட்டுல போட்டிருக்கிற நம்பருக்கு கூப்பிடுங்க, அவரு குடுத்த நம்பர் அவரோட தம்பியா கூட இருக்கலாம். போர்ட்ஃபோலியோன்னு சொல்லி ஜிப் ஃபைல் அனுப்பினா கம்ப்யூட்டர்ல திறக்காதீங்க, லிங்க்கா இல்லைன்னா பிடிஎஃப்பா கேளுங்க.

அஞ்சு ஸ்டார் ரேட்டிங் நூறு இருக்கே?

எண்ணிக்கையைப் பாக்காதீங்க, உள்ள போய் மோசமான ரிவ்யூவை முதல்ல படிங்க. நேரம் தவறினாருன்னு ஒருத்தர் எழுதினா பரவாயில்ல, காசு வாங்கிட்டு பதிலே இல்லைன்னு ரெண்டு பேர் எழுதியிருந்தா போதும். எல்லாம் ஒரே வாரத்துல வந்த ரிவ்யூவா, எல்லாம் சின்னச் சின்னத் தொகைக்கா, எல்லாம் ஒரே மாதிரி வார்த்தையான்னு பாருங்க.

ஃப்ரீலான்சர் தேடித் தர்ற ஃபைவர், அப்வொர்க் மாதிரி சைட் வழியா போறது நல்லதா, வாட்ஸப்ல நேரா பேசறது நல்லதா?

தெரியாத ஆளோட முதல் வேலைன்னா சைட் வழியாத்தான் போவேன். கமிஷன் போகுதுன்னு வருத்தமா இருக்கும், ஆனா அந்தக் காசுக்கு ஒரு விஷயம் கிடைக்குது, உங்க பணம் நேரா அவரு கைக்கு போகாம நடுவுல நிக்குது.

ஆனா அந்த ஏற்பாடு தானா உங்களைக் காப்பாத்தாது, அதோட நாள் கணக்கு தெரிஞ்சிருக்கணும். ஃபைவர்ல அவரு டெலிவரின்னு பட்டனை அழுத்தின பிறகு நீங்க மூணு நாள் ஒண்ணும் சொல்லலைன்னா ஆர்டர் தானா முடிஞ்சதா கணக்காயிடும். இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு காலி ஃபைலையோ பாதி வேலையையோ டெலிவரி போடறவங்க இருக்காங்க. "சும்மா சைட்ல டைம் முடியுதுன்னு போட்டேன் சார், ஒரிஜினல் நாளைக்கு தர்றேன்"னு மெசேஜ் வரும். நம்பாதீங்க, உடனே ரிவிஷன் (திருத்தம்) கேட்டு பட்டனை அழுத்துங்க, அப்புறம் பேசிக்கலாம். அப்வொர்க்ல மொத்த விலை பேசின வேலைன்னா வேலையைப் பகுதி பகுதியா பிரிச்சு, அந்த மைல்ஸ்டோன் ஒவ்வொண்ணுக்கும் காசை முன்னாடியே கட்டி வைக்கணும், அவரு வேலையை சப்மிட் பண்ணினதும் பாத்து சொல்ல 14 நாள் இருக்கு, அதுக்குள்ள பேசலைன்னா காசு போயிடும்.

மணிக்கணக்குல குடுக்கற வேலைன்னா அப்வொர்க்ல ஒர்க் டைரின்னு ஒண்ணு இருக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுங்கற கணக்குல அவரோட ஸ்கிரீன் படம் அதுல ஏறும். திங்கள்லருந்து ஞாயிறு வரைக்கும் ஒரு வாரக் கணக்கு, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க பாத்து ஆட்சேபம் சொல்லலாம். நிறைய பேர் ஒரு தடவை கூட அதைத் திறந்து பாக்கறதில்ல. நான் திங்கக்கிழமை காலைல கடை திறந்ததும் முதல் வேலையா பாப்பேன். ஒருத்தர் மூணு மணி நேரமா ஒரே பக்கத்தைத் திறந்து வச்சிருந்ததை அப்படித்தான் பிடிச்சேன். கேட்டதும் அந்த நேரத்தை கழிச்சுட்டாரு, சண்டையே வரல.

"சைட்டுக்கு வெளிய வாங்க சார், கமிஷன் மிச்சம், உங்களுக்கு 20 சதவீதம் குறைச்சுத் தர்றேன்"னு சொல்றாங்களே?

முதல் வேலையிலயே இப்படி சொன்னா போகாதீங்க. வெளிய போன நிமிஷமே அந்த சைட்டோட பாதுகாப்பு எதுவும் உங்களுக்கு கிடையாது, புகார் கூட எடுத்துக்க மாட்டாங்க. அப்வொர்க் விதிப்படி அங்க அறிமுகமான ஆளுக்கு 24 மாசத்துக்கு அங்கயேதான் காசு குடுக்கணும், மீறினா ரெண்டு பேர் அக்கவுண்டும் போகலாம். விதியை மீறலாம் வாங்கன்னு உங்களை கூப்பிடறவரு உங்ககிட்ட பேசினதை மட்டும் மீறாம இருப்பாரா?

அட்வான்ஸ் எவ்வளவு குடுக்கலாம்?

நேரா பேசற வேலைன்னா நான் 20லருந்து 30 சதவீதம் குடுப்பேன். அட்வான்ஸே தர மாட்டேன்னு நிக்காதீங்க, அவங்களும் ஏமாந்திருக்காங்க, வேலையை வாங்கிட்டு காசு குடுக்காத முதலாளிங்க நம்ம பக்கமும் நிறைய இருக்காங்க. முழுசா முன்னாடியே வேணும்னா மட்டும் வேண்டாம்.

மீதிக் காசைத் தேதியோட கட்டாதீங்க, பொருளோட கட்டுங்க. "15-ஆம் தேதி ரெண்டாவது தவணை"ன்னு எழுதினா 15-ஆம் தேதி வந்துடும், வேலை வராது. "முகப்புப் பக்கமும் பொருள் பக்கமும் என் ஹோஸ்டிங்ல ஓடணும், அப்ப ரெண்டாவது தவணை"ன்னு எழுதுங்க. அவரோட சர்வர்ல டெமோ காட்டறது கணக்குல வராது, உங்க இடத்துல வந்து இறங்கினாத்தான் வந்ததா அர்த்தம். கடைசியா ஒரு 20 சதவீதமாவது ஒரிஜினல் ஃபைல் எல்லாம் கைக்கு வந்த பிறகு குடுக்கற மாதிரி வச்சுக்கோங்க.

யூபிஐ-ல அனுப்பும்போது பேங்க்ல இருக்கிற பேரைக் காட்டும் இல்லையா, அதை நிறுத்திப் பாருங்க. கார்த்திக்னு பேசினவரோட நம்பருக்கு வேற யாரோ பேர் வந்தா ஏன்னு கேட்டுட்டு அப்புறம் அனுப்புங்க. அப்புறம் ஒண்ணு, காசு வாங்கறதுக்கு யூபிஐ பின் தேவையே இல்ல. ரீஃபண்ட் தர்றேன், பின் போடுங்கன்னா அது உங்க காசை எடுக்கறதுக்கு.

சாம்பிள் ஃப்ரீயா செஞ்சு காட்டச் சொல்லலாமா?

வேண்டாங்க, அது நாம பண்ற தப்பு. சின்ன வேலையா ஒண்ணு குடுத்து அதுக்கு காசு குடுங்க. எண்ணெய் லேபிள் முழுசுக்கு முன்னாடி ஒரே ஒரு ஸ்டிக்கர் 500 ரூபாய்க்கு, பத்துப் பக்க எழுத்து வேலைக்கு முன்னாடி ஒரு பக்கம். நாலு நாள்ல அந்த ஆளோட நேரம், பேச்சு, திருத்தம் சொன்னா எடுத்துக்கற விதம் எல்லாம் தெரிஞ்சிடும். மூணு பேருக்கு ஒரே சின்ன வேலையைக் குடுத்துப் பாத்தா 1,500 ரூபா ஆகும், எனக்கு வீணாப் போன 6,000 லேபிளோட செலவை விட ரொம்ப கம்மி.

பேசினது ஒருத்தர், வேலை செய்யறது வேற ஒருத்தர்னு சந்தேகமா இருக்கு?

நடக்கறதுதான். இங்கிலீஷ்ல நல்லா பேசற ஒருத்தர் வேலையைப் பிடிச்சுட்டு அதுல கால்வாசி காசுக்கு கத்துக்குட்டி யார்கிட்டயோ தள்ளிவிடுவாரு. டீமா செய்யறது தப்பில்ல, அதை மறைக்கறதுதான் தப்பு. வாரம் ஒரு தடவை கேமரா ஆன் பண்ணி கால், அதுல அப்பவே ஒரு சின்ன மாத்தத்தை செஞ்சு காட்டச் சொல்லுங்க, இது போதும்.

நாமதான் ஏமாறுறோம்னு நினைச்சு கூச்சப்படாதீங்க. அமெரிக்காவுல பெரிய பெரிய கம்பெனிங்களே வட கொரியாவுலருந்து வேற ஆளோட பேர்லயும் அடையாளத்துலயும் வந்த ஐடி ஆளுங்களுக்கு வேலை குடுத்திருக்காங்க, 2022-லயே அமெரிக்க அரசாங்கம் எச்சரிக்கை விட்டுச்சு. 2024-ல நோபிஃபோர்னு ஒரு கம்பெனி, அவங்க தொழிலே மத்த கம்பெனி ஆளுங்களுக்கு சைபர் பாதுகாப்பு சொல்லித்தர்றது, அவங்களே நாலு வீடியோ இன்டர்வியூ வச்சு ஒருத்தரை எடுத்தாங்க. அனுப்பின லேப்டாப்புல மால்வேர் ஏத்த ஆரம்பிச்சப்பதான் ஆளு போலின்னு தெரிஞ்சுது. அவங்க சிஸ்டம்ல அவருக்கு பெருசா எதுவும் திறந்து விடாததால தப்பிச்சாங்க. பின்னாடி அதை அவங்களே வெளிய சொன்னது எனக்கு ரொம்ப மரியாதையா பட்டுச்சு.

"90 சதவீதம் முடிஞ்சிருச்சு சார்"னு ஒரு மாசமா சொல்றாரு?

அந்த 90-ஐ காட்டச் சொல்லுங்க. எந்த நிலைமையில இருக்கோ அப்படியே, அரைகுறையா இருந்தாலும் பரவாயில்ல, இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள ஃபைலை டிரைவ்ல போடுங்கன்னு சொல்லுங்க. நிஜமாவே லேட்டானவரு திட்டு வாங்கிக்கிட்டாவது காட்டிடுவாரு. வேலையே தொடாதவருக்குத்தான் அன்னைக்குன்னு பாத்து கரண்ட் போகும், லேப்டாப் ரிப்பேராகும், பாட்டிக்கு உடம்பு முடியாம போகும். ஒரு தடவை நம்பணும், மனுஷங்கதானே, எங்க வீட்லயும் அப்படி நடந்திருக்கு. மூணாவது தடவையும் காரணம் மட்டும் வந்து ஃபைல் வரலைன்னா எழுத்துல ஒரு கடைசி தேதி குடுத்துட்டு அடுத்த ஆளைத் தேட ஆரம்பிச்சிடுங்க.

காசு குடுத்து வாங்கின டிசைன் எனக்குத்தானே சொந்தம்?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கறோம், சட்டம் அப்படி இல்ல. 1957-ஆம் வருஷத்து பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்துல பொதுவா படைச்சவருக்குத்தான் முதல் உரிமை. உங்ககிட்ட சம்பளத்துக்கு இருக்கிற ஊழியர் செஞ்சா உங்களுக்கு, ஃப்ரீலான்சர் உங்க ஊழியர் கிடையாது. காசு குடுத்து எடுத்த போட்டோ, வீடியோ மாதிரி சிலதுக்கு விலக்கு இருக்கு, அதெல்லாம் காசு குடுத்தவருக்கு. ஆனா வெப்சைட் கோடு, எழுதிக் குடுத்த கட்டுரை இதெல்லாம் அந்த விலக்குல வராது, லோகோவையும் அதுல வரும்னு நம்பி விடாதீங்க. உரிமையை மாத்தித் தர்றேன்னு எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எழுதும்போது எத்தனை வருஷம், எந்த இடம்னு சொல்லாம விட்டா 5 வருஷம், இந்தியாவுக்குள்ள மட்டும்னு சட்டமே எடுத்துக்கும். அதனால "முழுக் காலத்துக்கும், உலகம் முழுக்க"ன்னு ஒரு வரி சேத்துக்கோங்க. வெளிநாட்டுக்கு எண்ணெய் அனுப்பற ஆளுங்க இதை கட்டாயம் பாக்கணும்.

இன்னொண்ணு, அவரு போட்ட படம், எழுத்துரு எங்கருந்து எடுத்தாருன்னு கேளுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா மஞ்சத்தூள் விக்கிறாங்க, டிசைனர் கூகுள்ல எடுத்த போட்டோவை பாக்கெட்ல போட்டுட்டாரு, போட்டோவுக்கு சொந்தக்காரங்ககிட்டருந்து நோட்டீஸ் வந்தது அக்காவுக்கு, டிசைனருக்கு இல்ல. வெப்சைட்லயும் இதே கதைதான், காசு குடுத்து வாங்க வேண்டிய "தீம்"ங்கற ரெடிமேட் சைட் டிசைனை திருட்டு காப்பியா போட்டு விடுவாங்க, அதுக்குள்ள ஹேக்கர் வழி வச்சிருப்பான். லைசென்ஸ் ரசீது உங்க ஈமெயிலுக்கு வரணும்.

பிரிண்டுக்கு போற வேலைன்னா ஜேபெக்கை மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க. ஒரிஜினல் ஃபைல் ஒண்ணு, எழுத்தை கர்வ் பண்ணின, அதாவது திருத்த முடியாத வெறும் வடிவமா மாத்தின ஃபைல் ஒண்ணு, பிடிஎஃப் ஒண்ணு. கர்வ் பண்ணினது மட்டும் இருந்தா அடுத்த தடவை விலையை மாத்தக் கூட அவர்கிட்டத்தான் போகணும்.

தமிழ் எழுத்து வேலை, மொழிபெயர்ப்பு குடுத்தா மெஷின்ல போட்டுத் தர்றாங்க. எப்படி பிடிக்கறது?

சத்தமா வாசிச்சுப் பாருங்க. எங்க வெப்சைட் பக்கத்துக்கு ஒருத்தர் "குளிர் அழுத்தப்பட்ட எள் எண்ணெய்"னு எழுதிக் குடுத்தாரு. செக்குல ஆட்டின நல்லெண்ணெய்னு எழுதத் தெரியாத தமிழ்க்காரர் இருக்க முடியாது, கூகுள்ல போட்டு ஒட்டினதுதான். எள்ளு ஆட்டும்போது கருப்பட்டி ஏன் போடறாங்கன்னு கேட்டேன், பதில் இல்ல. விஷயம் தெரிஞ்சவரா, கேட்டுத் தெரிஞ்சுக்கறவரா இருக்கணும். மெஷினை உதவிக்கு வச்சுக்கிட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல, மனுஷன் எழுதினதுன்னு சொல்லி அதுக்கான காசை வாங்கறதுதான் திருட்டு. மெஷின் எழுதினதைக் கண்டுபிடிக்கறேன்னு வர்ற டூல் எதையும் நம்பி யாரையும் குத்தம் சொல்லாதீங்க, நல்ல எழுத்தையும் அது தப்பா காட்டும்.

டைப்பிங் வேலை குடுக்கறவங்களுக்கு ஒரு விஷயம். எந்த போன்லயும் கம்ப்யூட்டர்லயும் தெரியற யூனிகோடு எழுத்து முறையில வேணும்னு முதல்லயே சொல்லுங்க. பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல அடிச்சுக் குடுத்தா அந்த ஃபாண்ட் இல்லாத இடத்துல இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கொட்டும், வெப்சைட்டுல போடவே முடியாது, கூகுள்ல தேடினாலும் வராது. மாத்தித் தர தனிக் காசு கேப்பாங்க.

"கூகுள்ல முதல் இடம் கேரன்டி"ங்கறாங்க?

கூகுளே யாராலயும் அப்படி உத்தரவாதம் தர முடியாதுன்னு வெளிப்படையா எழுதி வச்சிருக்கு. அதோட விட்டுடுங்க.

ஜிஎஸ்டி நம்பர் இல்லைங்கறாரு, போலியா?

அப்படி இல்ல. சேவைத் தொழில்ல வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ளன்னா பதிவே தேவையில்ல. நம்பர் இல்லாமயே பில்லுல 18 சதவீதம் ஜிஎஸ்டின்னு சேத்து வாங்கினாத்தான் தப்பு. நம்பர் குடுத்தா ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டு பேரைப் பாருங்க. தமிழ்நாட்டு நம்பர் 33-ல ஆரம்பிக்கும்.

ஏமாந்தாச்சு. இப்ப என்ன பண்றது?

முதல்ல கோபத்துல அவரைத் திட்டி மெசேஜ் போடாதீங்க, பிளாக் பண்ணிட்டு எல்லாத்தையும் அழிச்சுட்டு போயிடுவாரு. அமைதியா இருந்து சாட் முழுசையும் எக்ஸ்போர்ட் பண்ணுங்க, ப்ரொஃபைல், பேமென்ட் ரசீது எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்க. போனை மாத்தாதீங்க, ரீசெட் பண்ணாதீங்க, கோர்ட்டுக்குப் போனா மின்னணு ஆதாரத்துக்கு சான்றிதழ் கேப்பாங்க, ஒரிஜினல் போன் இருக்கறது நல்லது. அதே நேரத்துல உங்க அக்கவுண்ட் எல்லாத்துலருந்தும் அவரை எடுத்துடுங்க.

சைட் வழியா போன வேலைன்னா சைட்டுலயே டிஸ்ப்யூட்டுங்கற புகாரை அன்னைக்கே போடுங்க. ஆளே போலி, காசை வாங்கிட்டு மறைஞ்சுட்டான்னா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் பண்ணுங்க, சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்ல புகார் பதிவு பண்ணுங்க. இதுல மணிக்கணக்கு முக்கியம், காசு அடுத்தடுத்த அக்கவுண்டுக்கு தாவறதுக்குள்ள சொன்னாத்தான் நிறுத்தி வைக்க முடியும். யூபிஐ-ல போன காசைத் திரும்ப இழுக்க உங்ககிட்ட பட்டன் எதுவும் இல்ல. உங்க பேங்குக்கும் சொல்லிடுங்க.

ஆளு நிஜம், வேலையை அரைகுறையா விட்டுட்டாருன்னா போலீஸ்ல இது சிவில் விஷயம்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் அது சரியாவும் இருக்கும். மோசடி வழக்குக்கு, 2024 ஜூலை 1-லருந்து அது, ஐபிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்தோட 318-ஆவது பிரிவு, ஆரம்பத்துலயே ஏமாத்தற எண்ணம் இருந்துச்சுன்னு காட்டணும். போர்ட்ஃபோலியோ திருட்டு, பொய்ப் பேர், இதே மாதிரி இன்னும் நாலு பேர்கிட்ட வாங்கினதுன்னு இருந்தா காட்டலாம்.

நுகர்வோர் கோர்ட்டை நிறைய பேர் மறந்துடறாங்க. தொழிலுக்கு வாங்கினது அங்க எடுக்க மாட்டாங்கன்னு சொல்லுவாங்க, ஆனா சொந்தமா சுயதொழில் பண்ணி அதுலதான் பொழைக்கறோம்னா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல விலக்கு இருக்கு. உங்க மாவட்டத்துலயே போடலாம், அவரு எந்த ஊர்ல இருந்தாலும். அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி நுகர்வோர் உதவி எண் 1915-ல கூப்பிட்டு யோசனை கேட்டுக்கலாம். ஒரு வக்கீல் நோட்டீஸ் விட்டாலே பாதி விஷயம் முடியறதையும் பாத்திருக்கேன்.

அவரு போட்டோ, நம்பர் எல்லாம் ஃபேஸ்புக்ல போட்டு நாறடிச்சா என்ன?

ஆத்திரம் புரியுது, எனக்கும் கை துடிச்சுது. ஆனா அவதூறுன்னு அவரு உங்க மேல கேஸ் போட வழி பண்ணிக் குடுக்காதீங்க. வேலை வாங்கின சைட்டுலயே தேதி, தொகை, நடந்தது மட்டும் வச்சு ரிவ்யூ எழுதுங்க, அடுத்தவரு அங்கதான் தேடுவாரு.

அக்ரிமென்ட் கண்டிப்பா வேணுமா? பத்திரத்துல எழுதணுமா?

பத்திரம் வேண்டாம், ஈமெயில் போதும். மின்னணு முறையில செஞ்ச ஒப்பந்தமும் செல்லும்னு தகவல் தொழில்நுட்பச் சட்டத்துலயே இருக்கு. பதிப்புரிமை மாத்தறதுக்கு மட்டும் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கம் தனியா வாங்கிக்கோங்க. போன்ல எவ்வளவு பேசினாலும் பேசி முடிச்சதும் நான் அனுப்பற மெயில் இப்படித்தான் இருக்கும், பேர், தொகையை மாத்திட்டு எடுத்துக்கோங்க:

"வணக்கம் தம்பி. இன்னைக்கு பேசினதை எழுதி வைக்கறேன். ஒரு லிட்டர், அரை லிட்டர் பாட்டிலுக்கு ரெண்டு லேபிள், மொத்தம் 8,000 ரூபாய். இன்னைக்கு 2,000 அனுப்பறேன். முதல் மாடல் வந்து நான் சரின்னதும் 3,000. மூணு தடவை வரைக்கும் திருத்தம் இதுக்குள்ளயே, அதுக்கு மேல ஒரு தடவைக்கு 300. கோரல் ஒரிஜினல், கர்வ் ஃபைல், பிடிஎஃப், படம் வாங்கின ரசீது எல்லாம் என் டிரைவ்ல ஏறினதும், உரிமை மாத்தற பேப்பர்ல கையெழுத்து ஆனதும் மீதி 3,000 அன்னைக்கே அனுப்பிடறேன். இந்த மாசம் 28-க்குள்ள முடியணும். முடியாதுன்னு தெரிஞ்சா 20-ஆம் தேதிக்குள்ள சொல்லிடுங்க, அதுவரைக்கும் செஞ்ச வேலைக்கு காசு குடுத்துட்டு கணக்கை முடிச்சுக்கலாம். சரின்னா இந்த மெயிலுக்கு ஒரு வரி பதில் போடுங்க, வந்ததும் முதல் தவணையை அனுப்பறேன்."